அணைய மறுத்த மின்னோட்டம்



வழக்கமாக இங்கே நான் பழைய புதுச்சேரியைப் பற்றியோ, அலுவலக நாட்களைப் பற்றியோ எழுதுவேன். இந்த முறை விஷயம் கொஞ்சம் வேறு. டிரான்சிஸ்டரின் வரலாற்றில் ஒரு சிறு கிளைக்கதை. "குமாஸ்தா வேலை பார்த்தவருக்கு டிரான்சிஸ்டர் எதற்கு?" என்று சிலர் சிரிக்கக்கூடும். என் பேத்தியும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள்.

அவள் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டு மேசையில் ஒரு போர்டையும் நாலைந்து வயர்களையும் பரப்பிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தாத்தா. கரண்ட் மிர்ரர் ஒண்ணு. ஆன் ஆகுது. ஆனா சட்டுனு ஆஃப் ஆக மாட்டேங்குது."

அவள் செய்துகொண்டிருந்தது மிகச் சிறிய நேரங்களை அளக்கும் ஒரு கருவி. 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு கெப்பாசிட்டருக்குள் விட்டு, பிறகு நிறுத்த வேண்டும். கெப்பாசிட்டரின் வோல்டேஜ் எவ்வளவு மாறியது என்று பார்த்தால், எவ்வளவு நேரம் கடந்தது என்று தெரிந்துவிடும். நொடிக்கு 10 லட்சம் முறை இதைச் செய்ய வேண்டும். மின்னோட்டம் நின்றால் முழுவதும் நிற்க வேண்டும். சரியாக மூடாத குழாய் போலச் சொட்டிக்கொண்டே இருந்தால் கணக்கு கெட்டுவிடும். ஆசிலோஸ்கோப் திரையில் அந்தச் சொட்டு ஒரு நீண்ட வாலாகத் தெரிந்ததாம். போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். வால் நீளமாகத்தான் இருந்தது.

எனக்கு இதில் ஆர்வம் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் இயற்பியல் ஆசிரியர், நாங்கள் 'முசியே' என்று அழைத்தவர், என் ரேடியோ பைத்தியத்தைப் பார்த்து ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். எழேன் எய்ஸ்பெர்க் எழுதிய 'லா ராதியோ? மே செ த்ரே சாம்ப்ள்!'. ரேடியோவா, அது மிக எளிதாயிற்றே என்று பொருள். குரியோசுஸ், இஞோத்துஸ் என்ற இரண்டு பேர் பேசிக்கொள்வது போலவே முழுப் புத்தகமும் போகும். ஒருவர் கேட்பார், மற்றவர் விளக்குவார். அதைப் படித்துவிட்டு நான் இன்ஜினியர் ஆகப்போவதாக வீட்டில் அறிவித்தேன்.

ஆகவில்லை. பொறியியல் படிப்பு என்றால் வெளியூர், ஆங்கிலம், செலவு. என் ஆங்கிலம் அப்போது தட்டுத் தடுமாறும். அப்பாவுக்கோ நான் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியிருந்தது. 1971ல் எல்.டி.சி. ஆக அரசு வேலையில் சேர்ந்தேன், 2010ல் ஓய்வு பெற்றேன். இடையில் முப்பத்தொன்பது வருடம் சால்டரிங் அயர்ன் பரணில் இருந்தது. அதனால்தான் பேத்தியின் போர்டைப் பார்த்ததும் கை பரபரத்தது.

கரண்ட் மிர்ரர் என்பதைப் பிரெஞ்சில் 'மிருவார் தெ குரான்' என்பார்கள். மின்னோட்டக் கண்ணாடி. இரண்டு டிரான்சிஸ்டர்களின் பேஸ் முனைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். எமிட்டர்கள் இரண்டும் எர்த்தில் இருக்கும். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரை அதன் பேஸோடேயே இணைத்துவிடுவார்கள். அதற்குள் 1 மில்லி ஆம்பியர் அனுப்பினால், அதைத் தாங்குவதற்கு எவ்வளவு பேஸ் வோல்டேஜ் வேண்டுமோ அது தானாக உருவாகும். அதே வோல்டேஜ் இரண்டாவது டிரான்சிஸ்டருக்கும் போவதால், அதுவும் 1 மில்லி ஆம்பியரை இழுக்கும். முன்னால் நிற்பவர் கையைத் தூக்கினால் கண்ணாடியில் இருப்பவரும் தூக்குவது போல.

பேத்தியின் கண்ணாடியில் முன்னால் நிற்பவர் கையை இறக்கிவிட்டார். உள்ளே இருப்பவர் மெல்ல மெல்லத்தான் இறக்கினார்.

நான் உடனே ஒரு யோசனை சொன்னேன். "பேஸுக்கு இன்னும் பலமா கரண்ட் குடும்மா. நடுவுல ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டு அது வழியா பேஸைத் தள்ளு." அவளும் செய்தாள். ஆன் ஆவது முன்னைவிடச் சுறுசுறுப்பானது. ஆனால் ஆஃப் ஆகும்போது வால் பல மடங்கு நீண்டுவிட்டது. தாத்தாவின் மானம் போயிற்று. ஏன் அப்படி ஆனது என்று எனக்கும் தெரியவில்லை, அவளுடைய பாடப்புத்தகத்திலும் இல்லை. அன்று இரவு தூக்கம் வராமல் பழைய வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

டிரான்சிஸ்டர் பிறந்தது 1947 டிசம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். ஜான் பார்டீன், வால்ட்டர் பிராட்டைன் என்ற இருவர் ஜெர்மானியத் துண்டு ஒன்றின் மேல் இரண்டு தங்கத் தொடுமுனைகளை மிக நெருக்கமாக வைத்து, சிறிய சைகையைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அவர்களோடு வில்லியம் ஷாக்லியும் சேர்ந்து 1956ல் நோபல் பரிசு பெற்றார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாத கதை பாரீஸ் பக்கம் நடந்தது. போர் முடிந்த பிறகு ஹெர்பெர்ட் மத்தாரே, ஹைன்ரிஹ் வெல்கர் என்ற இரண்டு ஜெர்மன் இயற்பியலாளர்கள், பாரீஸை ஒட்டிய ஓல்னே-சு-புவா என்ற ஊரில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளையில் வேலை பார்த்தார்கள். அவர்களும் தனியாக அதே போன்ற ஒரு கருவியைச் செய்து 'திரான்சிஸ்திரோன்' என்று பெயரிட்டார்கள். பெல் ஆய்வகம் தன் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தது 1948 ஜூன் 30. பாரீஸ்காரர்கள் காப்புரிமைக்கு மனுப் போட்டது 1948 ஆகஸ்ட் 13. ஆறே வாரம் பின்னால். இன்வர்டு ரிஜிஸ்டரில் தேதி முத்திரை குத்தியே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஆறு வாரத் தாமதம் ஒரு மனுவை என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த இரண்டு கதைகளையும் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பெல் ஆய்வகம் டெலிபோன் நிறுவனத்தைச் சேர்ந்தது. பாரீஸ்காரர்களின் கருவியையும் பிரெஞ்சு தபால் தந்தித் துறைதான் ஆதரித்தது. தொலைதூரம் போகும் குரல் தேய்ந்துபோகும், வழியில் அதைப் பெரிதாக்கி அனுப்ப வேண்டும். ஆக, இரண்டு இடத்திலும் டிரான்சிஸ்டர் பிறந்தது பெருக்கியாக. பெருக்கி ஒருபோதும் முழுக்க அணைவதில்லை. அதன் வழியே எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், சைகைக்கு ஏற்பக் கூடும், குறையும். எவ்வளவு சீக்கிரம் அணையும் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் கம்ப்யூட்டர் செய்தவர்கள். அவர்களுக்கு டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச். ஒன்று ஆன், இல்லை ஆஃப். நன்றாக ஆன் ஆக வேண்டுமே என்று பேஸுக்குத் தேவைக்கு மேல் மின்னோட்டம் கொடுத்தார்கள். அது ஆனும் ஆனது. ஆனால் பேஸ் மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும், எதுவும் நடக்காதது போல அது ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அணைய ஆரம்பித்தது.

காரணம் இதுதான். தேவைக்கு மேல் கொடுத்த மின்னோட்டம் எங்கும் போய்விடவில்லை. அது பேஸ் பகுதியிலும் கலெக்டர் பகுதியிலும் மின்னூட்டமாகத் தேங்கி நின்றது. இதைத் தெவிட்டு நிலை என்பார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டவரைப் பந்தியிலிருந்து எழுப்புவது போலத்தான். தேங்கியது வடிகிற வரை டிரான்சிஸ்டர் அணையாது. 1954 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் எபர்ஸ், மால் என்ற இருவர் டிரான்சிஸ்டர் சுவிட்சாக வேலை செய்யும்போது அதன் நடத்தையைக் கணக்கில் அடைத்துக் கட்டுரை எழுதினார்கள். அதே இதழில் மால் தனியாக எழுதிய இன்னொரு கட்டுரை, அது ஆன் ஆகவும் ஆஃப் ஆகவும் எடுக்கும் நேரத்தைப் பற்றியது. அவர்களின் சமன்பாடு இன்றும் பாடத்தில் இருக்கிறது, பேத்தியின் புத்தகத்திலும் பார்த்தேன்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. 1956ஆம் வருடம் இதில் முக்கியமானது.

முதல் மருந்து, எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் ரிச்சர்ட் பேக்கர் கொடுத்தது. டிரான்சிஸ்டர்களைக் கொண்டு முழுக் கம்ப்யூட்டரைச் செய்து பார்த்த முன்னோடி இடங்களில் அந்த ஆய்வகமும் ஒன்று. டி.எக்ஸ்-0 என்ற அவர்களுடைய இயந்திரம் அதே 1956ல் ஓட ஆரம்பித்தது. பேக்கர் சொன்னது எளிமையானது. டிரான்சிஸ்டர் தெவிட்டப்போகும் நேரத்தில் அதன் கலெக்டர் வோல்டேஜ் மிகவும் கீழே இறங்கும். அப்போது பேஸுக்கு வரும் அதிகப்படி மின்னோட்டத்தை ஒரு டையோடு வழியாகக் கலெக்டருக்கே திருப்பிவிடு. பேஸ் தனக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொள்ளும், மீதி பக்கவாட்டில் போய்விடும். இலை நிறைந்ததும் பரிமாறுபவர் தானாக அடுத்த இலைக்கு நகர்வது போல. எதுவும் தேங்காததால், அணை என்றதும் அணையும்.

இரண்டாவது மருந்து அதே 1956ல், ஐ.பி.எம். நிறுவனத்தில். ஹானன் யோர்க் என்பவர் வேறு மாதிரி யோசித்தார். மின்னோட்டத்தை ஏன் நிறுத்த வேண்டும்? அது பாட்டுக்கு ஓடட்டும். இரண்டு டிரான்சிஸ்டர்களின் எமிட்டர்களை ஒன்றாக இணைத்து, ஓடுகிற மின்னோட்டத்தை வலப்பக்கமோ இடப்பக்கமோ திருப்பிவிட்டால் போதாதா? ரயில் தண்டவாளத்தில் பாயிண்ட் மாற்றுவது போல. ரயிலை நிறுத்தி மறுபடி கிளப்புவதைவிடத் தடம் மாற்றுவது வேகம். இப்படித் திருப்புவதற்குச் சின்ன வோல்டேஜ் வித்தியாசமே போதும். எந்த டிரான்சிஸ்டரும் தெவிட்டு நிலைக்குப் போகாது. ஐ.பி.எம்.மின் ஸ்டிரெட்ச், 7090 ஆகிய பெரிய கம்ப்யூட்டர்கள் இந்த முறையில் வந்தன. விலை என்னவென்றால், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரம் செலவாகும், பெட்டி சூடாகும்.

மூன்றாவது மருந்து தங்கம், உண்மையான தங்கம்தான். சிலிக்கானுக்குள் மிகச் சிறிதளவு தங்கத்தைக் கலந்தால், தேங்கிய மின்னூட்டம் தானாகவே விரைவில் கரைந்துபோகும். 1961ல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் ஜான் ஹோர்னி, ஜெனிவாவிலிருந்து போனவர், இந்த முறையில் மிக வேகமான ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டரை உருவாக்கினார். அதற்குப் பின்னால் இருந்தவர் சீமோர் க்ரே. அவர் வடிவமைத்த சி.டி.சி. 6600 என்ற இயந்திரம் 1964ல் வந்தபோது உலகிலேயே வேகமான கம்ப்யூட்டர் அதுதான். சுமார் 4 லட்சம் டிரான்சிஸ்டர்கள் அதற்குள் இருந்தன.

நான்காவது மருந்து பேக்கரின் யோசனைக்குப் புதிய உடுப்பு. பேக்கரின் டையோடு ஜெர்மானியத்தில் இருந்தால் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அது குறைந்த வோல்டேஜிலேயே திறந்துகொள்ளும். ஆனால் சிலிக்கான் சில்லுக்குள் ஜெர்மானியத்தை எப்படி நுழைப்பது? டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் இருந்த ஜேம்ஸ் பியார்ட், சிலிக்கான் மேல் உலோகத்தைப் படியவைத்து உண்டாக்கும் ஷாட்கி டையோடை டிரான்சிஸ்டரோடேயே ஒன்றாகச் செய்துவிட்டார். 1964 டிசம்பர் 31 அன்று காப்புரிமைக்கு மனு. வருடக் கடைசி நாளில் போய் மனுப் போட்டிருக்கிறார் பாருங்கள், எங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுதாரர்கள் ஞாபகம் வந்தது. 1970களில் 74எஸ் என்ற பெயரில் வந்த சில்லுகள் இந்த முறையில் ஆனவை. பழைய 74 வரிசையில் ஒரு கேட் சுமார் 10 நானோ செகண்டு எடுத்துக்கொண்ட வேலையை இவை சுமார் 3 நானோ செகண்டில் முடித்தன. ஒரு நானோ செகண்டு என்பது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு.

இதெல்லாம் சுவிட்ச் குடும்பத்தின் கதை. நம் கரண்ட் மிர்ரர் எங்கே பிறந்தது? அது இந்தக் குடும்பமே இல்லை என்பதுதான் என் ஒரு வாரத் தேடலில் கிடைத்த விடை.

1960களின் நடுவில், ஃபேர்சைல்டில் ராபர்ட் விட்லார் என்ற இளைஞர் பெருக்கிகளைச் சில்லுகளாக வடிவமைத்துக்கொண்டிருந்தார். 1964ல் 702, 1965ல் 709. சில்லுக்குள் பெரிய ரெசிஸ்டர் வைத்தால் இடத்தை அடைக்கும், அளவும் சரியாக வராது. ஆனால் ஒரே சில்லில் பக்கத்தில் பக்கத்தில் செய்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரட்டைப் பிள்ளைகள் போல ஒத்திருக்கும். வெயில் ஏறினாலும் இரண்டும் ஒரே மாதிரி மாறும். இந்த ஒற்றுமையை வைத்து, ரெசிஸ்டர் செய்ய வேண்டிய வேலையை டிரான்சிஸ்டர்களையே செய்ய வைத்தார் விட்லார். தனியாக வாங்கிய டிரான்சிஸ்டர்களில் இது அவ்வளவு சரியாக வராது. சில்லு வந்த பிறகுதான் கண்ணாடி உண்மையில் கண்ணாடி ஆனது.

1967ல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ஒரு சுவையான போட்டி நடந்தது. ஜார்ஜ் வில்சனும் பேரி கில்பர்ட்டும் ஒருவருக்கொருவர் சவால் விட்டுக்கொண்டார்கள். மூன்றே டிரான்சிஸ்டர்களை வைத்து, இருப்பதைவிட மேலான கரண்ட் மிர்ரரை ஒரே இரவில் யார் கண்டுபிடிப்பது? வில்சன் ஜெயித்தார். அது இன்றும் வில்சன் மிர்ரர் என்றே பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இதைக் கவனியுங்கள். விட்லாரும் வில்சனும் தேடியது துல்லியம், நிலைத்தன்மை. 1 மில்லி ஆம்பியர் உள்ளே போனால் அதே 1 மில்லி ஆம்பியர் வெளியே வர வேண்டும், வெப்பம் மாறினாலும், வோல்டேஜ் மாறினாலும். பெருக்கிக்குள் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியை யாரும் நொடிக்கு 10 லட்சம் முறை அணைக்கப் போவதில்லை. அதனால்தான் கரண்ட் மிர்ரர் பாடத்தில் அணைப்பதைப் பற்றி அதிகம் இல்லை. அணைப்பதைப் பற்றிய பாடம் புத்தகத்தில் வேறு அத்தியாயத்தில், சுவிட்ச் பக்கத்தில் இருக்கிறது. பேத்தியின் சர்க்யூட் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் நின்றது.

இந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ அந்த வாலுக்கு என்ன காரணம் தாத்தா? என்னோட முதல் டிரான்சிஸ்டர் தெவிட்டு நிலைக்குப் போகாதே, கலெக்டரும் பேஸும் ஒண்ணாத்தானே இருக்கு?" நல்ல கேள்வி. எனக்குக் கணக்குப் போடத் தெரியாது. அவள் போட்டாள்.

இரண்டு பேஸ் முனைகளிலும் வயர்களிலும் சேர்ந்து 20 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் மின்னோட்டத்தை வெட்டியதும், அதில் இருக்கும் மின்னூட்டம் வடிய வேண்டும். வடிய ஒரே வழி அந்த முதல் டிரான்சிஸ்டர்தான். வோல்டேஜ் 60 மில்லிவோல்ட் இறங்கினால் அதன் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகிவிடும். அதாவது வடிகாலும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். கணக்கு இப்படி வந்தது. மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காக சுமார் 5 நானோ செகண்டு. நூறில் ஒரு பங்காக சுமார் 50. ஆயிரத்தில் ஒரு பங்காக சுமார் 500. ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு நேரம்.

மாடித் தொட்டியைக் கழுவ அடிக்குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள். நிறைந்திருக்கும்போது பீய்ச்சி அடிக்கும், கடைசி ஒரு குடம் மட்டும் சொட்டிச் சொட்டி நம் பொறுமையைச் சோதிக்கும். அதுவேதான் அந்த வால். அவளுடைய வேலையில் ஒரு பாதிச் சுற்றே 500 நானோ செகண்டுதான். வால் முடிவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும்.

நான் சொன்ன யோசனை ஏன் கெட்டது என்பதும் இப்போது விளங்கியது. நடுவில் போட்ட டிரான்சிஸ்டருக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. ஆன் ஆகும்போது வேகமாக நிரப்பியது. ஆஃப் ஆகும்போது, முன்பு இருந்த அந்த ஒரே வடிகாலையும் பேஸிலிருந்து பிரித்துவிட்டது. வரவை மட்டும் பெருக்கிவிட்டு, போகிற வாசலை நான் அடைத்துவிட்டேன்.

பிறகு இரண்டு பேரும் மருந்துகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம்.

முதலில், பேஸிலிருந்து எர்த்துக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். முதல் டிரான்சிஸ்டர் சோர்ந்துபோனாலும் இது சுமார் 60 மைக்ரோ ஆம்பியரை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். 500 நானோ செகண்டு வால் 60க்குள் வந்துவிடும். ஆனால் ஆன் நிலையிலும் அந்த 60 மைக்ரோ ஆம்பியரை அது திருடும். அதற்கேற்ப உள்ளே அனுப்புவதைக் கூட்ட வேண்டும். என் நடு டிரான்சிஸ்டரை வைத்துக்கொள்வதானால் இந்த ரெசிஸ்டர் இல்லாமல் வைக்கவே கூடாது.

இரண்டாவது, முழுக்க அணைக்காமல் 10 மைக்ரோ ஆம்பியரை எப்போதும் ஓடவிடுவது. அப்போது 1 மில்லி ஆம்பியருக்கு ஏற பேஸ் வோல்டேஜ் 120 மில்லிவோல்ட் நகர்ந்தால் போதும். பூஜ்யத்திலிருந்து 650 மில்லிவோல்ட் ஏற வேண்டாம். விளக்குத் திரியைச் சிறியதாக்கி வைத்துத் தேவைப்படும்போது தூண்டிக்கொள்வது போல. ஆனால் அந்த 10 மைக்ரோ ஆம்பியரைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

மூன்றாவது, பேக்கர் சொல்லிக்கொடுத்தது. வெளியே மின்னோட்டம் எடுக்கும் இரண்டாவது டிரான்சிஸ்டர் தெவிட்டு நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. கெப்பாசிட்டரின் வோல்டேஜ் அடிமட்டத்தைத் தொடுவதற்கு முன், அரை வோல்ட் மிச்சம் இருக்கும்போதே அளவை முடித்துவிட வேண்டும்.

நான்காவது, யோர்க்கின் வழி. கண்ணாடியை அணைக்கவே வேண்டாம். அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். அதன் மேல் எமிட்டர்கள் இணைந்த இரண்டு டிரான்சிஸ்டர்களை வைத்து, மின்னோட்டத்தை ஒரு பக்கம் கெப்பாசிட்டருக்கும் மறுபக்கம் சப்ளைக்கும் திருப்புவது. பேஸ்களுக்கு நடுவே கால் வோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் தடம் மாறிவிடும்.

அவள் முதலில் ரெசிஸ்டரைப் போட்டுப் பார்த்தாள். அந்த மாலையே கடைக்குப் போய் வாங்கி வந்தது நான்தான். பரணிலிருந்து சால்டரிங் அயர்னை இறக்கினேன். முனை கறுத்துப் போயிருந்தது, தேய்த்துச் சுத்தம் செய்தேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, ஆனாலும் ஒரு இணைப்பை நானே பற்றவைத்தேன். அவள் எதுவும் சொல்லாமல் போர்டைப் பிடித்துக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் போனவள் நாலு நாள் கழித்துப் போன் செய்தாள். ரெசிஸ்டரோடு வால் நன்றாகக் குறைந்திருந்ததாம். பிறகு யோர்க் முறைக்கே மாற்றிவிட்டாளாம். கல்லூரி ஆசிலோஸ்கோப்பில் வால் கண்ணுக்கே தெரியவில்லையாம். "தாத்தா, எங்க சார் கேட்டாரு, இந்த ஐடியா எங்கேருந்து வந்துச்சுன்னு. 1956லேருந்துன்னு சொன்னேன்" என்றாள்.

இதை எழுதும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். வேகம் என்றால் இன்னும் பலமாகத் தள்ளுவது என்றுதான் நான் எழுபது வயது வரை நினைத்திருந்தேன். பேஸுக்குள் தேவைக்கு மேல் திணித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பேக்கர், யோர்க், ஹோர்னி, பியார்ட் ஆகிய நால்வரும் பார்த்தது போகிற வழியை. ஒருவர் தேங்கவிடவில்லை. ஒருவர் நிறுத்தவே இல்லை. ஒருவர் தேங்கியதைக் கரைத்தார். ஒருவர் அந்த வழியைச் சில்லுக்குள்ளேயே கட்டினார்.

முசியே இன்று இல்லை. அவர் கொடுத்த புத்தகத்தின் அட்டை கிழிந்துவிட்டது, உள்பக்கங்கள் நன்றாக இருக்கின்றன. பேத்திக்குப் பிரெஞ்சு தெரியாது. அடுத்த விடுமுறையில் குரியோசுஸ் ஆக நானும் இஞோத்துஸ் ஆக அவளும் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லித் தரச் சொல்லியிருக்கிறாள். யார் குரியோசுஸ், யார் இஞோத்துஸ் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.